கேமரா உடம்பில் சிராய்ப்பு: வந்து ஒட்டியதா, இருந்தது போனதா?

புதுக் கேமராவின் கறுப்பு உடம்பில் முதல் வெள்ளைக் கோடு விழுந்ததும் கை தானாக டூத்பேஸ்ட்டையோ கறுப்பு மார்க்கரையோ தேடும். இரண்டையும் தொடாதீர்கள். சிராய்ப்பால் வரும் சேதத்தைவிட, அதைப் போக்கக் கண்டதையும் தேய்த்து வரும் சேதமே பெரும்பாலும் அதிகம். கோடு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு திட்டு உண்டாகிவிடும். அதைத் திரும்ப மங்கலாக்க வழி கிடையாது.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தெரிகிற தடம் வெளியிலிருந்து வந்து ஒட்டியதா, கேமராவின் பூச்சு போனதால் தெரிவதா? ஒட்டியது என்றால் துடைத்தால் போய்விடும். போனது என்றால் எவ்வளவு துடைத்தாலும் திரும்பாது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதுதான் சிக்கல். சுவரில் உரசிய கேமராவில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் தடம், ஆழமான கீறல் போலவே தோன்றும்.

கண்டுபிடிக்க ஒரு டார்ச் லைட் போதும். மேலிருந்து அடிக்காமல், உடம்பின் பரப்பை உரசிக்கொண்டு போகிற மாதிரி பக்கவாட்டில் தாழ்வாக அடியுங்கள். மேடு பள்ளம் எல்லாம் நிழலோடு தெரியும். பூதக்கண்ணாடி இல்லையென்றால் 50 மி.மீ. லென்ஸைக் கழற்றி, முன்பின்னாகத் திருப்பிக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள். நன்றாகவே பெரிதாகத் தெரியும். பிறகு கோட்டின் குறுக்கே விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள்.

நகம் தடுக்காமல் வழுக்கிப் போய், கோடு மட்டும் வெள்ளையாகவோ வேறு நிறமாகவோ இருந்தால் அது வந்து ஒட்டியது. நகம் தடுக்கவில்லை, நிறமும் கறுப்புதான், ஆனால் சுற்றுப்புறத்தைவிட மினுமினுக்கிறது என்றால் மங்கலான பூச்சு தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. நகம் தடுக்கிறது, பள்ளத்தின் அடி கறுப்பாகவே இருக்கிறது என்றால் கீறல் பூச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது, அல்லது உடம்பே கறுப்புப் பிளாஸ்டிக். அடியில் வெள்ளி நிறமோ பித்தளை மஞ்சளோ எட்டிப் பார்த்தால் உலோகம் வெளியே வந்துவிட்டது. பெயிண்ட் தேவைப்படுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகைக்குத்தான்; பழைய ஃபிலிம் கேமராக்களின் பித்தளை மட்டும் விதிவிலக்கு.

உடம்பு எதனால் ஆனது?

ஒரே கேமராவில் பல பொருள்கள் இருக்கும். கேனான் 1500டி, நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களின் வெளிக்கூடு பிளாஸ்டிக். கேனான் 5டி மார்க் 3 மெக்னீசியம் கலவை உடம்பு. கேனான் 6டி-யில் முன்னும் பின்னும் மெக்னீசியம். மேல்மூடி மட்டும் பிளாஸ்டிக், உள்ளே இருக்கும் வைஃபை, ஜிபிஎஸ் அலைகள் தடையில்லாமல் போய்வர வேண்டும் என்பதற்காக. நிக்கான் டி750-இல் பின்புறமும் மேற்புறமும் மெக்னீசியம், முன்புறம் கார்பன் இழை கலந்த பிளாஸ்டிக்.

தோற்றத்தை நம்ப முடியாது. 1976-இல் வந்த கேனான் ஏஇ-1-இன் மேல்மூடி அசல் உலோகம் போலவே இருக்கும். உண்மையில் அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மேல் ஏற்றிய உலோக முலாம். அதை உலோகம் என்று நினைத்து பாலிஷ் போட்டுத் தேய்த்தால் முலாம் போய் அடிப் பிளாஸ்டிக் தெரியும். உங்கள் மாடலின் எந்தப் பகுதி எதனால் ஆனது என்று கையேட்டிலோ நிறுவனத்தின் விவரப் பக்கத்திலோ பார்த்துவிட்டே எதையும் தொடங்குங்கள்.

துடைத்தல்: பாதிக்கு மேல் இதிலேயே தீரும்

பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிடுங்கள். லென்ஸைக் கழற்றி, அந்த வாயை மூடும் பாடி கேப் என்ற மூடியைப் போடுங்கள். யுஎஸ்பி, மைக் மூடிகள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஊதுபந்தால் தூசியை ஊதிவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் ஒருமுறை தட்டிவிடுங்கள். இதைத் தவறவிடக் கூடாது. பரப்பில் ஒரு மணல் துகள் இருந்தாலும், துணியால் அழுத்தும்போது அதுவே புதுக் கீறல் போடும்.

முதலில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் துணியின் ஒரு முனையை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, கோட்டின் நீளவாக்கில் நான்கைந்து முறை துடையுங்கள். சுண்ணாம்பும் வியர்வை உப்பும் இதிலேயே போய்விடும். போகாவிட்டால் அரை டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து அதே போல் துடைத்து, பிறகு வெறும் ஈரத் துணியால் ஒருமுறை.

அதற்கும் மசியாத ரப்பர் தடம், டேப்பின் பசை, இன்னொரு பொருளின் பெயிண்ட் ஆகியவற்றுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். மொபைல் சர்வீஸ் சாமான் விற்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் கொடுப்பார்கள். 99 சதவீதம் வாங்குவது நல்லது. 70 சதவீதத்தில் மீதி முப்பதும் தண்ணீர், காய நேரமாகும். கை கழுவும் சானிடைசரில் கிளிசரின் இருக்கும், பிசுபிசுப்பு தங்கிவிடும். ஆல்கஹாலை ஒருபோதும் கேமரா மேல் ஊற்றக் கூடாது. காது குடையும் பஞ்சுக்குச்சியின் நுனியில் இரண்டு சொட்டு விட்டு, அந்தக் கோட்டின் மேல் மட்டும் உருட்டுங்கள். தேய்க்காமல் உருட்ட வேண்டும். உருட்டினால் அழுக்கு பஞ்சில் ஏறும், தேய்த்தால் பக்கத்தில் பரவும். பத்து விநாடிக்கு மேல் ஈரம் நிற்க விடாமல் உலர் துணியால் ஒற்றி எடுங்கள். அச்சடித்த எழுத்துகள், பட்டன் குறியீடுகள், எல்சிடி திரை ஆகியவற்றின் பக்கம் பஞ்சு போகக் கூடாது.

பஞ்சு நுனியை நன்றாகப் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ ஏறினால் வேலை நடக்கிறது, வந்து ஒட்டியது கழன்று வருகிறது. கறுப்பு ஏறினால் உடனே நிறுத்துங்கள். அது உங்கள் கேமராவின் பூச்சு.

உடம்பின் சொரசொரப்புக் குழிகளுக்குள் மாட்டிக்கொண்ட வெள்ளைக்கு மரப் பல்குத்தி நல்ல கருவி. நுனியை ஆல்கஹாலில் நனைத்து, சற்று மென்மையானதும் குழிக்குள் விட்டு நெம்பலாம். மரம் பூச்சைவிட மென்மையானது என்பதால் தேய்வது அதுதான். ஊசி, பின், பிளேடு முனை எதுவும் வேண்டாம்.

வீட்டில் கைக்கு எட்டுகிற மற்ற சாமான்களைப் பற்றி. நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும், பாலிகார்பனேட்டை வெடிப்பு விடவைக்கும். ஸ்டிக்கர் பசை எடுக்க நம் வீடுகளில் நீலகிரித் தைலம் தடவும் பழக்கம் உண்டு. கண்ணாடி பாட்டிலுக்குச் சரி, ஆனால் அது சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும், கேமராவுக்கு வேண்டாம். டூத்பேஸ்ட்டும், மேஜிக் ஸ்பாஞ்ச் என்று விற்கும் வெள்ளைப் பஞ்சும் மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரிதான். அழுக்கோடு மங்கல் பூச்சையும் சேர்த்து வழித்துவிடும். பித்தளை விளக்கு துலக்கும் ஞாபகத்தில் புளியோ எலுமிச்சையோ போடுவது மெக்னீசியம் உடம்புக்கு நேரடிக் கேடு. அமிலம் அந்த உலோகத்தை அரித்துத் தின்னும்.

மினுமினுத்துப் போன இடங்கள்

கை படும் மூலைகள், ஷட்டர் பட்டனைச் சுற்றிய பகுதி, ஸ்ட்ராப் வளையம் உரசும் பக்கவாட்டு ஆகியவை நாளடைவில் வழவழப்பாகும். மங்கல் பூச்சு மங்கலாகத் தெரிவதற்குக் காரணம் அதன் பரப்பிலுள்ள நுண்ணிய மேடு பள்ளங்கள்; அவை ஒளியைச் சிதறடிக்கின்றன. மேடுகள் தேய்ந்ததும் பரப்பு கண்ணாடி போல் ஒளியைத் திருப்பும். இதற்கு மருந்து கிடையாது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மங்கலாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சொரசொரப்பு முற்றிலும் போய் சாம்பல் நிறத் திட்டுதான் மிஞ்சும். விட்டுவிடுவதே நல்லது. படத்துக்கும் பாதிப்பில்லை, உடம்புக்கும் பாதிப்பில்லை.

உலோகம் தெரிந்தால்: பெயிண்ட் வைப்பது

மெக்னீசியம் உடம்பில் வெள்ளி தெரிகிற இடத்தை அழகுக்காக மட்டும் மூடவில்லை. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் வியர்வையும் வெறும் மெக்னீசியத்தில் பட்டால் வெள்ளைப் பொடி பூக்கும். அந்த அரிப்பு விளிம்பிலுள்ள நல்ல பூச்சின் அடியிலும் நுழைந்து அதையும் தூக்கிவிடும். எனவே சின்னப் புள்ளியாக இருக்கும்போதே மூடிவிடுவது நல்லது. அதே நேரம், கட்டைவிரல் நக அளவைத் தாண்டிய இடத்தை வீட்டில் தொட வேண்டாம். அடிப்பூச்சு இல்லாமல் வெறும் உலோகத்தில் பெரிய பரப்புக்குப் பெயிண்ட் நிற்காது, சில மாதத்தில் தோலாக உரியும்.

நிரந்தர மார்க்கர் ஏன் கூடாது என்று கேட்பார்கள். அது சாய மை, பெயிண்ட் கிடையாது. காய்ந்ததும் ஊதா நிற மினுக்கம் தரும், கை வியர்வையில் போய்விடும், போவதற்குள் சுற்றியுள்ள பூச்சின் குழிகளிலும் இறங்கியிருக்கும்.

நல்ல தேர்வு, மாடல் பொம்மை கட்டுபவர்கள் பயன்படுத்தும் அக்ரிலிக் பெயிண்ட். டாமியா நிறுவனத்தின் எக்ஸ்எஃப்-1 முழு மங்கல் கறுப்பு, எக்ஸ்-18 பாதி மினுக்கக் கறுப்பு. எக்ஸ்எஃப்-1 தனியாக வைத்தால் காய்ந்ததும் சற்று சாம்பல் பூத்தது போல் இருக்கும். கேமராவின் கறுப்பு பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில்தான். சமபங்கு கலந்து தொடங்குங்கள். 10 மி.லி. புட்டி ஒவ்வொன்று வாங்கினால் ஆயுளுக்கும் போதும். அதே நிறுவனத்தின் எனாமல் வகையும் உண்டு. ஆனால் எனாமலுக்கான தின்னர் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை வெடிக்கவைக்கும் என்பதால் பிளாஸ்டிக் உடம்புக்கு அக்ரிலிக் மட்டுமே.

நிறம் பொருந்துகிறதா என்பதைக் கேமராவில் சோதிக்காதீர்கள். பழைய பாடி கேப் ஒன்றில் ஒரு பொட்டு வைத்து, அரை மணி நேரம் காயவிட்டு, கேமராவின் பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரத்தில் எல்லாக் கறுப்பும் ஒன்றுபோல் மினுங்கும். காய்ந்த பிறகுதான் உண்மை நிறம் தெரியும். மினுக்கம் அதிகமானால் எக்ஸ்எஃப்-1, சாம்பலடித்தால் எக்ஸ்-18 ஒரு சொட்டு கூட்டுங்கள்.

இனி இடத்தைத் தயார் செய்ய வேண்டும். கீறலின் விளிம்பில் தூக்கி நிற்கும் பூச்சுச் சில்லுகளைப் பல்குத்தியால் தள்ளுங்கள், வருவது வரட்டும். அதை அப்படியே விட்டு மேலே பெயிண்ட் வைத்தால், அது பின்னால் உரியும்போது உங்கள் பெயிண்ட்டும் கூடவே போகும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் காய்ந்த பழைய டூத்பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். அரமோ உப்புத்தாளோ போட்டு உலோகத்தை ராவ வேண்டாம். மெக்னீசியத் தூள் எளிதில் தீப்பற்றக்கூடியது, அதோடு உள்ளே போனால் மின்கடத்தியும்கூட. கடைசியாக ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒருமுறை துடைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். இனி அந்த இடத்தை விரலால் தொடக் கூடாது. விரல் எண்ணெய் பட்டால் பெயிண்ட் பிடிக்காது, சொட்டு சுருங்கி உருண்டு நிற்கும்.

பெயிண்ட் வைக்கப் பிரஷ்ஷைவிடப் பல்குத்தி கைக்கு அடங்கும். நுனியைத் தட்டையாக நசுக்கிக்கொள்ளுங்கள். பெயிண்ட்டில் தொட்டு, முதல் சொட்டை ஒரு காகிதத்தில் வைத்துக் குறைத்துவிட்டு, நுனியில் மிஞ்சியதைக் கீறலின் நடுவில் வையுங்கள். தானே விளிம்பு வரை ஓடி நிற்கும். கீறல் குழிக்குள் மட்டும் நிற்க வேண்டும், நல்ல பூச்சின் மேல் ஏறக் கூடாது. முதல் பூச்சில் வெள்ளி முழுதாக மறையாது, மறைக்க முயலாதீர்கள். ஒரு மணி நேரம் விட்டு இரண்டாவது, இன்னொரு மணி நேரம் விட்டு மூன்றாவது. ஒரே தடவையில் தடிப்பாக வைத்தால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரமாக நின்று, பிறகு சுருங்கிக் கொப்புளம் போல் ஆகும். கீறலைவிட அந்தக் கொப்புளம்தான் கண்ணில் குத்தும்.

நல்ல பூச்சின் மேல் பெயிண்ட் ஏறிவிட்டால் கவலை வேண்டாம். இந்த அக்ரிலிக் ஆல்கஹாலில் கரையும். புதிதாக இருக்கும்போதே ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம். இதே காரணத்தால், வேலை முடிந்த இடத்தை இனி ஆல்கஹாலால் துடைக்கக் கூடாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

சொரசொரப்பான உடம்பில் வழவழப்பான பெயிண்ட் திட்டு தனியாகத் தெரியும். மூன்றாவது பூச்சு பாதி காய்ந்து கையில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போது, மிளகு அளவு ஸ்பாஞ்ச் துண்டை இடுக்கியில் பிடித்து அதன் மேல் இரண்டு முறை மெதுவாக ஒற்றுங்கள். ஒற்றிய குழிகள் சுற்றியுள்ள சொரசொரப்போடு கலந்துவிடும். முழு ஈரத்தில் ஒற்றினால் பெயிண்ட் ஸ்பாஞ்சோடு வந்துவிடும். காய்ந்த பிறகு ஒற்றினால் எதுவும் ஆகாது. அந்தப் பதத்தைப் பாடி கேப்பில் இரண்டு முறை பழகிக்கொண்டு வாருங்கள்.

24 மணி நேரம் தொடாமல் வைத்து, மழைக்காலமானால் இன்னொரு நாள் கூட்டுங்கள். பெயிண்ட் வாடை போகும்வரை கேமராவை லென்ஸ்களோடு சேர்த்து மூடிய டிரை பாக்ஸில் (ஈரம் புகாத பெட்டி) வைக்க வேண்டாம். ஆவி கண்ணாடியில் படியும்.

பிளாஸ்டிக் உடம்பில் கீறல் வெள்ளையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் நிறம் போனதல்ல, பிளாஸ்டிக் உரிந்து எழுந்த பிசிறு. அந்தப் பிசிறைப் புது பிளேடைப் படுக்கவைத்து, பரப்போடு பரப்பாக வழித்து எடுத்தால் வெள்ளை பாதி மறையும். மீதிக்கு ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும்.

பெயிண்ட் படவே கூடாத இடங்கள்

ஹாட் ஷூவின் (கேமராவின் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடம்) தண்டவாளங்களில் கறுப்பு போய் உலோகம் பளபளக்கும். அங்கேதான் ஃபிளாஷின் எர்த் இணைப்பு. பெயிண்ட் அடித்தால் ஃபிளாஷ் சுடாது, அல்லது விட்டுவிட்டுச் சுடும். லென்ஸ் மவுண்ட் வளையத்தில் தெரியும் வட்டக் கோடுகள் லென்ஸைப் பூட்டிக் கழற்றுவதால் வருவது. மவுண்ட்டிலிருந்து சென்சார் வரையிலான தூரம் கேனான் இஎஃப் வகை மவுண்ட்டில் 44 மி.மீ., நிக்கான் எஃப் வகையில் 46.5 மி.மீ., சோனி இ வகையில் 18 மி.மீ. என்று மிகத் துல்லியமாக வைக்கப்பட்டது. அந்த வளையத்தில் பெயிண்ட்டும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம். அடியில் டிரைபாட் திருகைச் சுற்றிய வட்டத் தடத்தையும் விட்டுவிடலாம். அடுத்த முறை பிளேட்டை மாட்டும்போது மறுபடி வரும்.

பழைய ஃபிலிம் கேமராக்கள்

கறுப்பு பெயிண்ட் தேய்ந்து மூலைகளில் பித்தளை தெரியும் பழைய லைக்காவையோ நிக்கானையோ மறுபடி கறுப்படிக்காதீர்கள். பித்தளை மெக்னீசியம் போல் பொடியாகி உதிராது. சேகரிப்பவர்கள் அந்தத் தேய்மானத்துக்காகவே தேடி வாங்குகிறார்கள். பூசி மறைத்தால் மதிப்பு குறையும். 1984-இல் வந்த லைக்கா எம்6-இன் மேல்மூடி துத்தநாக வார்ப்பு. அதில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தால் அது அடியிலிருந்து வரும் அரிப்பு. மேலே என்ன வைத்தாலும் நிற்காது.

குடைந்து வெள்ளை நிரப்பிய எழுத்துகளில் வெள்ளை உதிர்ந்திருந்தால் மட்டும் தாராளமாகச் சரிசெய்யலாம். வெள்ளை அக்ரிலிக்கைப் பல்குத்தியால் குழிக்குள் நிரப்பி, ஒரு நிமிடம் விட்டு, விசிட்டிங் கார்டில் சுற்றிய சற்றே ஈரமான துணியை எழுத்தின் குறுக்கே ஒரே இழுப்பாக இழுங்கள். மேலே இருப்பது போய்விடும், குழிக்குள் இருப்பது நிற்கும். விரலில் துணியைச் சுற்றித் துடைத்தால் துணி குழிக்குள் இறங்கி எல்லாவற்றையும் எடுத்துவிடும். கார்டின் தட்டையான விளிம்புதான் இதில் முக்கியம்.

ரப்பர்

பிடிமான ரப்பரில் வெள்ளை பூத்திருந்தால் எல்லோரும் பூஞ்சை என்று பயப்படுவார்கள். அனேகமாக அது ரப்பருக்குள் கலந்த சேர்மானங்கள் மேலே கசிவது. சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த டூத்பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தால் போகும். சில மாதம் கழித்துத் திரும்ப வரும், திரும்பத் துடைக்கலாம். கறுப்பு திரும்ப வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் ரப்பரை ஊதவைக்கும்; ஊதிய ரப்பர் பழைய இடத்தில் உட்காராமல் ஓரம் தூக்கும். டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டி பூசிய கையோடு கேமராவைப் பிடித்தால் பிளாஸ்டிக்கும் ரப்பரும் இரண்டுமே இளகும். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

ஓரம் தூக்கியிருந்தால் பழைய பசையை ஆல்கஹாலால் நீக்கிவிட்டு, மெல்லிய இருபக்க டேப்பை அளவாக வெட்டி ஒட்டுங்கள். ஃபெவிக்விக் வகைப் பசை மட்டும் வேண்டாம். அதன் ஆவி படிந்த இடமெல்லாம் வெள்ளைப் பனி போல் பூக்கும், வியூஃபைண்டர் கண்ணாடியிலும் படியும். பின்னால் ரப்பரை எடுத்துத் திருகைக் கழற்ற வேண்டிய மெக்கானிக்குக்கும் அது பெரும் தொல்லை.

நிக்கான் எஃப்90எக்ஸ் போன்ற பழைய ஃபிலிம் கேமராக்களின் பின்மூடி பிசுபிசுவென்று கையில் ஒட்டுவது வேறு கதை. அந்த மென்தொடு பூச்சே சிதைந்துவிட்டது. துணியில் ஆல்கஹால் நனைத்துப் பொறுமையாக வழித்து எடுத்தால் அடியில் சுத்தமான கறுப்புப் பிளாஸ்டிக் கிடைக்கும். ஒரு மூடிக்கு அரை மணி நேரமும் பத்துப் பன்னிரண்டு துணித் துண்டுகளும் ஆகும். எழுத்துகளும் கூடவே போய்விடும்.

விற்கப் போகிற கேமராவுக்குத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய கேமரா வாங்குபவர் டார்ச் அடித்துத்தான் பார்ப்பார். சின்னக் கீறல் தெரிந்தால் கொஞ்சம் விலை குறைத்துக் கேட்பார். பெயிண்ட் வைத்த இடம் தெரிந்தால் கீழே விழுந்ததை மறைக்கிறார்கள் என்று எண்ணி வாங்காமலே போய்விடுவார். ஏற்கெனவே பெயிண்ட் வைத்திருந்தால் எந்த இடம் என்று நீங்களே காட்டிவிடுங்கள். வைப்பதற்கு முன் எடுத்த படம் ஒன்று கையில் இருந்தால் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.